மாமன் கட்டிய பச்சைக் குச்சு

சின்னம்மா,

இன்று காலை உளுந்தங்களி கிண்டினேன். பள்ளிக்கூடத்தை ஒட்டி எனக்குக் கொடுத்திருக்கிற அறையில்தான். நான் நடத்துகிற லோயர் செகண்டரி மேல்வகுப்பில் ஒரு பெண், கணக்குப் பாடத்தின் நடுவே முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தாள். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்களை விளையாட அனுப்பிவிட்டு அவளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தேன். அவள் அம்மாவுக்கு ஆள் அனுப்பிவிட்டு அடுப்பை மூட்டினேன். வெல்லப்பாகில் உளுந்து மாவைக் கொட்டிக் கிளறி நல்லெண்ணெயை ஊற்றியதும் எழுந்த வாசனையில் நீ என் தோளருகே வந்து நின்றுவிட்டாய். "எண்ணெ ஊத்தறதுல இன்னாடி கஞ்சத்தனம்" என்று கேட்டதுபோலவே இருந்தது. இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நான் கோலாரிலிருந்து போட்ட கடிதங்களை யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்லி, முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படி என்று அவர்கள் உயிரை எடுப்பாயாம். இதை உனக்கு யார் படித்துக் காட்டப்போகிறார்கள்? எழுதாமல் இருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

நீ இரண்டாம் தாரமாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நம் லைனில், இருந்த பெண்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் நின்றார்கள். மாற்றாந்தாய் வருகிறாள், தாயில்லாப் பிள்ளையை என்ன பாடு படுத்தப்போகிறாளோ என்று பார்க்கத்தான். உனக்கே அது விளையாடுகிற வயது. வந்த மறுநாள் நீயும் நானும் தரையில் உட்கார்ந்து ஐந்தாங்கல் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்து அப்பா தலையில் அடித்துக்கொண்டார். ஆட்டத்தில் நீ பொய்யாட்டம் ஆடுவாய். கேட்டால், "நான் உங்கம்மா ஸ்தானம், அப்டித்தான்" என்பாய். சண்டை போடுவோம், பேசாமல் இருப்போம், சோறு போடுகிற நேரத்துக்குள் இரண்டு பேருமே மறந்துவிடுவோம். வாசலில் காத்திருந்த பெண்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

ஒரு சாயங்காலம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே ஆரம்பித்தாய். நாளைக்கு என்ன குழம்பு என்று பேசுகிற அதே குரல்.

"இன்னும் கொஞ்ச நாள்ல உனக்கு ஒண்ணு ஆவும். ரத்தம் வரும், வயிறு வலிக்கும். பயப்படாத. சீக்கு இல்ல, காத்து கருப்பு இல்ல, யாரும் உனக்கு ஒண்ணும் பண்ணிடல. ஒடம்பு வளருது, அவ்ளோதான். வந்தா மொதல்ல எங்கிட்ட சொல்லு."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கல்லோடு சேர்த்து நல்ல அரிசியையும் எறிந்துகொண்டிருந்தேன். நீ விடவில்லை. எந்தத் துணி, எப்படி மடிப்பது, எதில் துவைப்பது, எங்கே உலர்த்துவது, வலித்தால் என்ன குடிப்பது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "கேள்வி இருந்தா கேளு" என்றாய்.

"உனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

நீ சிரித்தாய். "யாரும் சொல்லல. எனக்கு வந்தப்ப சாவப்போறேன்னு நெனச்சேன். மாட்டுக் கொட்டாயில கன்னுக்குட்டியக் கட்டிப்புடிச்சிக்கினு சாவுக்குக் காத்துக்கினு இருந்தேன். எங்கம்மா வந்து பாத்தா. எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. ஊருக்குச் சொல்லப் போய்ட்டா."

நீ சிரித்துக்கொண்டே சொன்னதால் நானும் சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தால் அந்தக் கன்றுக்குட்டியை நினைத்துத்தான் அழுகை வருகிறது.

எங்கள் லைன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு சரி. பெண்பிள்ளைகள் அதுவரை வருவதே அபூர்வம். யாராவது ஒருத்தி நின்றுவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டோம். அவள் வீட்டின் பின்னால் பச்சைத் தழையால் ஒரு சின்னக் குச்சு எழுந்திருக்கும். வயதுக்கு வந்த பெண்ணுக்குத் தாய்மாமன் கட்டுகிற குடிசை. தீட்டுக் கழிகிற வரைக்கும் அவள் அதற்குள். வெளியே வந்தால் மஞ்சள் தண்ணீர், புதுப் புடவை, அதோடு படிப்பு முடிந்தது. அடுத்த பேச்சு கல்யாணம். உனக்கும் குச்சிலிருந்து நேரே கல்யாணம்தானே ஆயிற்று.

நான் நாலாம் வகுப்பை முடித்தபோது வாத்தியாரம்மா நம் வீடு தேடி வந்தார். கோலார் டவுனில் பெண்பிள்ளைகளுக்கு மேல்வகுப்புப் பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கேயே தங்கிப் படிக்கலாம், இவளை அவசியம் அனுப்புங்கள் என்றார். சுரங்கக் குழியின் வாயில், ஷாப்ட்டில், கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களை ஏற்றி இறக்குகிற அப்பா, அதிர்ந்து பேசாதவர், "பாக்கலாம்" என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நீதான் தனியாகக் கூப்பிட்டு, "உங்கப்பா பாக்கலாம்னா, உங்க மாமாவக் கேட்டுட்டுப் பாக்கலாம்னு அர்த்தம். ரொம்ப ஆடாத" என்றாய்.

மாமாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செத்துப்போன என் அம்மாவின் அண்ணன். நந்திதுர்க் சுரங்கத்தில் பாறை இறங்காமல் மரம் நிறுத்துகிறவர். அவர் நிறுத்திய மரத்தின் கீழே கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யலாம் என்று பெயர். தங்கை போனபிறகு அந்தப் பாசத்தையெல்லாம் என்மேல் கொட்டினார். என்னைக் கேட்காமலே கொட்டுவார், அதுதான் கஷ்டம்.

கோலார் பள்ளிக்கூடம் திறக்கக் கொஞ்ச நாள் இருக்கும்போது எனக்கு வந்துவிட்டது. நீ சொன்னபடியே முதலில் உன்னிடம்தான் வந்தேன். பயம் இல்லை, சின்னம்மா. நீ என் இரண்டு கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்தாய். "கோலாரு?" என்று கேட்டேன். நீ கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டுப் பழந்துணி எடுக்கப் போனாய். அப்போதுதான் பயம் வந்தது.

மறுநாளே மாமா கம்புகளோடு வந்து இறங்கினார். குச்சு என்றால் நாலு குச்சியை நட்டுத் தழையைச் சாத்தினால் போதும். கடைசி நாளில் ஒரு இழுப்பு இழுத்தால் விழுந்துவிட வேண்டும். மாமாவுக்கு அப்படிக் கட்ட வராது. ஆழமாகக் குழி தோண்டி, கம்பை இறக்கி, சுற்றிலும் கல்லைப் போட்டு இடித்தார். குறுக்குக் கட்டையில் வெட்டுவாய் எடுத்துப் பொருத்தி, சந்தில் ஆப்பு அடித்தார். பூமிக்கடியில் லெவல் என்கிற சுரங்கத் தளத்தில் மரம் நிறுத்துவது போலவே நிறுத்தி முடித்துவிட்டு, அதன்மேல் புங்கந்தழையை வேய்ந்தார்.

"இதுல குடித்தனமே பண்ணலாம்ண்ணா" என்றாய் நீ.

"எம் மருமவளுக்குக் கட்டறது. ஆடக் கூடாது" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே, நான் உள்ளே இருப்பதை மறந்துவிட்டு, குச்சுக்குப் பக்கத்தில் நின்று அப்பாவிடம் சொன்னார்: குடியாத்தம் பக்கம் ஒரு பையன் இருக்கிறான், நிலபுலம் இருக்கிறது, தை பிறந்ததும் முடித்துவிடலாம். அப்பா, "பாக்கலாம்" என்றார். நீ களியோடு உள்ளே வந்தபோது நான் முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தேன்.

"அழுது முடிச்சிட்டியா?"

"இல்ல."

"முடி. அப்புறம் பேசலாம்."

உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருந்தாய். நான் மூக்கை உறிஞ்சி நிமிர்ந்ததும் ஒரு உருண்டைக் களியை வாயில் திணித்தாய்.

"இந்தக் குச்சுக்குள்ள யார் வரலாம்?"

"நீ மட்டும்."

"மாமா உன்னத் தொடலாமா? அப்பா?"

"தீட்டாச்சே. எப்டித் தொடுவாங்க?"

"மத்த பொம்பளைங்க?"

"தொட்டா அவுங்களும் தலைக்கு ஊத்திக்கணும்."

"அப்ப உன்ன யார் வெளிய இஸ்துக்கினு போவ முடியும்?"

எனக்கு மெல்லும் வாய் நின்றுவிட்டது. நீ குரலைத் தாழ்த்திக்கொண்டாய். "மாமன் கூப்புடணும், நீயா கால எடுத்து வெச்சி வரணும், அப்புறந்தான் குச்சப் பிரிக்கணும். அதான் மொற. கேக்கறதுன்னா அந்த நேரத்துல கேளு. நான் கேட்டா, மாத்தாந்தாய் பொண்ண ஊட்ட உட்டுத் தொரத்துறான்னு பேசுவாங்க. நீதான் கேக்கணும்."

"பயமா இருக்குது, சின்னம்மா."

"எனக்குந்தான்" என்றாய்.

கடைசி நாள் காலை. பம்பை அடித்தார்கள். வண்டியில் வந்து ஊற்றுகிற தண்ணீரைச் சேர்த்து வைத்து அண்டாவில் மஞ்சள் கரைத்திருந்தது. பக்கத்து வீட்டு முற்றத்தில் கறிக்குழம்பு கொதித்தது. பெண் வெளியே வந்து குளித்துத் தீட்டுக் கழிந்தால்தான் பந்தி. லைன் முழுக்கப் பசியோடு கூடியிருந்தது. மாமா தட்டுத் தட்டாகச் சீர் வைத்துவிட்டு, புது வேட்டியில் குச்சு வாசலில் வந்து நின்றார். இரண்டு மணிச் சங்கு ஊதினால் அவர் ஷிப்ட்டுக்கு இறங்கியாக வேண்டும்.

"வெளிய வாம்மா கண்ணு."

"மாமா, நான் கோலாரு பள்ளிக்கூடத்துக்குப் போவணும். அனுப்பறேன்னு சொல்லு, வரேன்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மாமாவுக்குக் கேட்டுவிட்டது. பம்பை நின்றது. யாரோ சிரித்தார்கள்.

"சரி சரி, அத அப்புறம் பேசிக்கலாம். வா."

"இப்பவே சொல்லு மாமா."

இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. மாமாவின் முகம் கறுத்தது. "குச்சே இல்லன்னா எங்க உக்காருவ?" என்று முன்கம்பைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். கம்பு அசையவில்லை. இரண்டு கையாலும் உலுக்கினார். என் தலைமேல் நாலு புங்க இலை உதிர்ந்தது, அவ்வளவுதான். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "நந்திதுர்க்கு மரக்காரு நட்டதாச்சே, நகருமா?" என்றது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் கோடாலியைக் கேட்டார். பொண்ணு உள்ளே இருக்கும்போது கோடாலியை ஓங்கினால் நல்லதில்லை என்று பெண்கள் கூடிக்கொண்டு தடுத்தார்கள். பாவம், தான் கட்டிய கட்டுக்குள் தானே மாட்டிக்கொண்டார்.

வெயில் ஏறியது. குழந்தைகள் பசியில் சிணுங்கின. மாமா சட்டென்று உன் பக்கம் திரும்பினார்.

"இது உன் வேலதானே?"

அத்தனை பேரும் உன்னைப் பார்த்தார்கள். வந்த நாளிலிருந்து எதற்காக வாசலில் காத்திருந்தார்களோ அது கடைசியில் வந்துவிட்டது. தழை இடுக்கு வழியே எனக்கு உன் ஆரத்தித் தட்டுதான் தெரிந்தது. உன் குரல் ஆடவில்லை.

"ஆமாண்ணா. என் வேலதான். உனக்கு வாய் இருக்குது, கேளுன்னு சொல்லிக் குடுத்தேன். நான் குச்ச உட்டு வெளிய வந்தப்ப உனக்கு இன்னா வோணும்னு ஒருத்தரும் கேக்கல. நேரா மணையில உக்கார வெச்சாங்க. இவ கேக்கறா. அவங்க அப்பாவக் கேக்கல, என்னக் கேக்கல. எங்கக்காவோட அண்ணனக் கேக்கறா. தாய்மாமன் சீரு கேக்கறா. இல்லன்னு சொல்றதுன்னா நீங்களே சொல்லுங்க."

எங்கக்கா. நீ முகம்கூடப் பார்த்திராத என் அம்மாவை அப்படிச் சொன்னாய். சபை நடுவில் சீர் கேட்டு இல்லை என்று சொன்ன தாய்மாமன் மாமாவின் பரம்பரையில் யாரும் கிடையாது.

மாமா தணிந்த குரலில், "பொட்டப் புள்ள. தெரியாத ஊரு. மாசாமாசம் இன்னா பண்ணுவா? யாரு பாத்துக்குவா?" என்றார். அவர் கோபத்துக்கு அடியில் இருந்தது இந்தப் பயம்தான் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

"அவளே பாத்துக்குவா. எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். அங்க இருக்கற மத்த பொண்ணுங்களுக்கும் சொல்லிக் குடுப்பா."

ஆண்கள் நிற்கிற இடத்தில் இதைச் சொன்னாய். பெண்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து அப்பா முன்னே வந்தார். "மச்சான், அனுப்பலாம்" என்றார். பாக்கலாம் என்று சொல்லவில்லை, சின்னம்மா. அனுப்பலாம் என்றார்.

மாமா குச்சு வாசலில் குந்தினார். "பொடவ, வளையலு, பழம்னு தட்டு தட்டா கொண்டாந்திருக்கேனே, அது போதாதாம்மா?"

"அதுவும் வோணும்."

முதலில் சிரித்தது மாமாதான். அப்புறம் லைனே சிரித்தது. முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "சரி. படி. ஆனா நானேதான் கொண்டுபோய் உடுவேன். மாமன் சீர மாமன்தான் கொண்டு போவணும்."

காலை எடுத்து வெளியே வைத்தேன். பெண்கள் போட்ட குலவை அடுத்த லைன் வரைக்கும் கேட்டிருக்கும். நீ என் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாய். உன் முகத்தில் வழிந்தது தெறித்த தண்ணீர் மட்டும் இல்லை. மாமா வியர்க்க விறுவிறுக்கத் தன் ஆப்புகளைத் தானே தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். பாதிதான் ஆயிற்று, சங்கு ஊதிவிட்டது. இலையில் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார். மிச்சக் குச்சை மறுநாள் வந்துதான் பிரித்தார்.

கோலாருக்கு அவரே கூட்டிப்போனார். ரயிலில் பௌரிங்பேட்டை, அங்கிருந்து ஜட்கா வண்டி. வழியெல்லாம் முன்பின் தெரியாதவர்களிடம் கூட, "எம் மருமவ, பெரிய படிப்பு படிக்கப் போறா" என்று தானாகவே சொல்லிக்கொண்டு வந்தார். குடியாத்தத்துக்காரர்களுக்கு என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவே இல்லை. நீ கட்டிக் கொடுத்த மூட்டையில் துவைத்து மடித்த பழைய துணியும் சுக்கும் எள்ளுருண்டையும் இருந்தன. போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே விடுதியில் ஒரு சின்னப் பெண் குளிக்கிற இடத்தில் ஒளிந்துகொண்டு, சாகப்போகிறேன் என்று அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து, "சீக்கு இல்ல, ஒடம்பு வளருது, அவ்ளோதான்" என்றேன். உன் குரல் என் வாயிலிருந்து வந்தது. அப்புறம் யாருக்கு என்ன என்றாலும் என்னைத்தான் தேடி வந்தார்கள்.

நான் தேர்வில் தேறினேன். அதற்கு மேலும் படித்தேன். வாத்தியாரம்மாவாகத் திரும்பி வந்தேன். மாமா நந்திதுர்க்கில் லெவல் லெவலாகப் போய் மிட்டாய் கொடுத்தார் என்று சொல்வார்கள். பூமிக்கடியில் மிட்டாய் தின்றவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் சொல். இப்போது மேல்வகுப்பு இங்கேயே வந்துவிட்டது. பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குழாயில் வருகிறது. குச்சு கட்டுவதும் நிற்கவில்லை, பம்பையும் நிற்கவில்லை. ஆனால் மஞ்சள் தண்ணீர் ஊற்றி முடிந்ததும் பெண்கள் மறுபடி பெஞ்சுக்கு வருகிறார்கள். சில வீடுகளில், "மாமன் சீருல படிப்பும் உண்டா?" என்று பெண்களே கேலியாகக் கேட்கிறார்களாம். இது எங்கிருந்து வந்த வழக்கம் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறேன்.

நீ படுக்கையில் இருந்த கடைசி நாட்களில், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் என் கையைத் தூக்கிக் காட்டி, "எம் பொண்ணு" என்றாய். மூச்சு வாங்கியது, பேசாதே என்றேன், கேட்கவில்லை. ஒரு மத்தியானம் யாரும் இல்லாதபோது இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

"அன்னைக்கு மாமா ஒத்துக்காம போயிருந்தா இன்னா பண்ணியிருப்ப, சின்னம்மா?"

இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல என்னைப் பார்த்தாய்.

"ஆரத்தித் தட்டக் கீழ வெச்சிட்டு நானும் உள்ள வந்து உக்காந்திருப்பேன்."

அதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டாய், கொடுத்தேன்.

நான் படித்த படிப்பையெல்லாம் ஒரு பக்கம் வை. என்னிடம் இன்றைக்கும் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான். பயந்துபோய் ஒரு பெண் என் எதிரே வந்து நிற்கும்போது அவளிடம் நிறையப் பேசுவதில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறேன். அவள் அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கட்டும். இல்லை என்று யாராவது சொன்னால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவளோடு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன்.